கோயில் முற்றத்தில் கார் கழுவும் பிள்ளைகளை நிறுத்திவிடாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதன் வடகரை, தென்கரை ஊர்களிலும் உள்ள கோயில் நிர்வாகக் குழுவினருக்கும் தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

கோயில் நிதிக்காக நம் இளைஞர்கள் சனிக்கிழமைகளில் முற்றத்தில் கார் கழுவும் வழக்கத்தை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். காவடிக்கு முன்பு, ஆடிக் கூழுக்கு முன்பு, புரட்டாசி தொடங்கும் முன்பு என்று ஒவ்வொரு கோயிலும் தனக்கென்று ஒரு நாள் வைத்திருக்கிறது. இந்த வழக்கத்தைப் பற்றி இப்போது குழுக்களில் இரண்டு யோசனைகள் பேசப்படுகின்றன. குழாயில் தண்ணீர் வருவதே நிச்சயமில்லாத காலத்தில் கோயில் தண்ணீரை வீணடிப்பது அழகில்லை, ஆகவே இதை அடியோடு நிறுத்திவிடலாம் என்பது ஒன்று. முற்றத்தின் ஒரு மூலையை இயந்திரக் கார் கழுவும் நிலையம் நடத்துபவர்களுக்கு வாடகைக்கு விட்டால் மாதந்தோறும் நிலையான வருமானம் வரும் என்பது மற்றொன்று. இரண்டையும் சொல்பவர்கள் கோயிலின் நன்மையை நினைத்துத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் இரண்டையும் ஏற்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன். பிள்ளைகள் தொடர்ந்து கையால் கழுவட்டும். கழுவும் முறையும், அதற்கு எடுக்கும் தண்ணீரும், அழுக்கு நீர் போய்ச் சேரும் இடமும் மட்டும் மாறட்டும்.

நான் பிராஸ்பெக்டன் பகுதியில் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு காரின் மேல்தோல் எப்படி உருவாகிறது, எதனால் கெடுகிறது என்பதைப் பார்த்தே என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. ஆகையால் தண்ணீருக்கு வரும் முன் பெயின்டைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல அனுமதியுங்கள்.

காரின் தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன் மேல் அடிப்பூச்சு, அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற ஒரு பளபளப்புப் பூச்சு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் மினுமினுப்பு முழுவதும் அந்த மேற்பூச்சில்தான் இருக்கிறது. அதன் தடிமன் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. வெயிலில் நிறுத்திய கறுப்புக் காரின் மேல் சிலந்தி வலையைப் போல வட்ட வட்டமான கீறல்கள் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அவை கழுவும்போது விழுந்தவை. துணியிலோ பஞ்சிலோ ஒட்டிக்கொண்ட மணலை நாமே காரின் மேல் தேய்க்கிறோம். இயந்திரத்தில் சுழலும் தூரிகையும் அதைத்தான் செய்கிறது. முன்னால் போன வண்டியின் மணல் தூரிகையில் தங்கியிருந்தால் அடுத்த வண்டிக்கு அது பரிசாகக் கிடைக்கிறது. கையா, இயந்திரமா என்பதைவிட மணல் முதலில் இறங்கியதா இல்லையா என்பதே பெயின்டுக்கு முக்கியம்.

நம் பகுதிக்கென்று தனியாக ஓர் அழுக்கு இருக்கிறது. டோங்காட், வெருலம், ஸ்டேங்கர் பக்கத்து மக்களுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஏப்ரலில் தொடங்கிக் கிட்டத்தட்ட ஆண்டு முடியும் வரை கரும்பு வெட்டும் பருவம். வெட்டுவதற்கு முன் சோகையை, அதாவது கரும்பின் காய்ந்த இலைகளை, எரிப்பதற்காகத் தோட்டத்துக்குத் தீ வைக்கிறார்கள். கருகிய சோகைத் துகள்கள் காற்றில் ஏறி, மைல் கணக்கில் பறந்து, முற்றத்திலும் கொடியில் காயும் துணியிலும் காரின் மேலும் விழுகின்றன. கறுப்புப் பனி என்று எல்லோரும் அதைச் சொல்கிறார்கள். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்களும், அவர்களுக்குப் பின் வந்த நம் முன்னோர்களும் இந்தக் கரும்புக்காகவே கொண்டுவரப்பட்டார்கள். அதே கரும்பின் சாம்பல்தான் இன்றும் நம் வாசலில் விழுகிறது.

இந்தச் சாம்பலைச் சாதாரணத் தூசி என்று எண்ணி உலர்ந்த துணியால் துடைப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கரும்புச் சோகையில் சிலிக்கா நிறைய உண்டு. மணலில் இருப்பதும் அதுதான். எரிந்த பிறகும் அது அழிவதில்லை. உலர்ந்த துணியால் ஒரு முறை இழுத்தால் போதும், மேற்பூச்சில் கோடு விழுந்துவிடும். தண்ணீரே இல்லாமல் தெளித்துத் துடைக்கும் திரவங்கள் இப்போது கடைகளில் விற்கின்றன. லேசான தூசிக்கு அவை சரி. சாம்பல் விழுந்த காருக்கு அவற்றைப் பயன்படுத்தக்கூடாது. சாம்பலை முதலில் தண்ணீரால், கை படாமல், மேலிருந்து கீழே இறக்கிவிட வேண்டும். அதற்கு ரப்பர் குழாய் தேவையில்லை. செடிக்கு ஊற்றும் பூவாளி போதும். பத்து லிட்டர் பூவாளி ஒன்றைக் கூரையின் மேல் மெதுவாகச் சுற்றி ஊற்றினால் சாம்பல் பெரும்பாலும் வழிந்துவிடும்.

அதன் பிறகு இரண்டு வாளிகள். ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர். மற்றொன்றில் வெறும் தண்ணீர். துணியைச் சோப்பு வாளியில் நனைத்து ஒரு பகுதியைக் கழுவியதும், திரும்பச் சோப்பில் முக்குவதற்கு முன் வெறும் தண்ணீரில் அலசிப் பிழிய வேண்டும். மணல் அந்த வாளியின் அடியில் தங்கிவிடும். கூரை, கண்ணாடி, கதவுகளின் மேல்பாதி, கீழ்பாதி என்ற வரிசையில் இறங்க வேண்டும். சக்கரங்களைக் கடைசியில், வேறு ஒரு பழைய துணியால் கழுவ வேண்டும். பிரேக்கிலிருந்து வரும் இரும்புத் தூள் சக்கரத்தில் ஒட்டியிருக்கும், அந்தத் துணி கதவின் மேல் படவே கூடாது. கடைசியாக இன்னொரு பூவாளித் தண்ணீர் ஊற்றி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். நிழலில் செய்ய வேண்டும். டர்பன் வெயிலில் தகடு சுட்டுக்கொண்டிருக்கும்போது சோப்பு காய்ந்து கறையாகிவிடும். பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டவே வேண்டாம். அது மெழுகுப் பூச்சை எடுத்துவிடும். கடலோரத்து உப்புக் காற்றில் நிற்கும் கார்களுக்கு மெழுகு அவசியம்.

கணக்கைப் பாருங்கள். பூவாளி இரண்டு, வாளி இரண்டு, எல்லாம் பத்து லிட்டர் அளவு. மொத்தம் 40 லிட்டரில் ஒரு கார் சுத்தமாகிறது.

ரப்பர் குழாயை எடுத்துக்கொள்வோம். சாதாரணமான அழுத்தமுள்ள வீட்டுக் குழாயில் நிமிடத்துக்குச் சுமார் 15 லிட்டர் வருகிறது. பிள்ளைகள் காரைத் தேய்க்கும் நேரத்தில் குழாய் தரையில் கிடந்து ஓடிக்கொண்டே இருக்கும். அரை மணி நேரத்தில் 450 லிட்டர். ஒரு சனிக்கிழமையில் 60 கார்கள் வந்தால் 27,000 லிட்டர். இந்த நாட்டில் ஏழைக் குடும்பத்துக்கு மாதம் 6,000 லிட்டர் குடிநீரை இலவசமாகத் தர வேண்டும் என்பது அரசின் கொள்கை. ஆக, ஒரு குடும்பத்தின் நான்கரை மாத இலவசத் தண்ணீர் ஒரே பகலில் நம் கோயில் வாசல் வழியாக ஓடிப்போகிறது. அதே 60 கார்களை வாளியிலும் பூவாளியிலும் கழுவினால் 2,400 லிட்டர் மட்டுமே ஆகும். இந்த வேறுபாட்டைப் பார்த்துக் கலங்கித்தான் சிலர் கார் கழுவுவதையே நிறுத்தச் சொல்கிறார்கள். அவர்களுடைய கலக்கம் நியாயமானது. நிறுத்தப்பட வேண்டியது ரப்பர் குழாய்.

2018இல் கேப் டவுன் பட்ட பாட்டை நாம் தூரத்திலிருந்து பார்த்தோம். அந்த ஆண்டு பிப்ரவரி முதல் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று வரம்பு வைத்தார்கள். குளிக்க, குடிக்க, சமைக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் அவ்வளவுதான். நகராட்சிக் குடிநீரால் வாகனம் கழுவுவது தடை செய்யப்பட்டது. அந்த வரம்பை வைத்துப் பார்த்தால், ரப்பர் குழாயால் கழுவும் ஒரு காருக்கு ஒரு மனிதனின் ஒன்பது நாள் தண்ணீர் செலவாகிறது. அது எங்கோ நடந்தது என்று நாம் இருக்க முடியாதபடி 2022 ஏப்ரல் வெள்ளம் வந்தது. நானூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன அந்த வெள்ளம் டோங்காட் நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தையும் சிதைத்துவிட்டது. அந்த ஊர் மக்கள் மாதக்கணக்கில் தண்ணீர் லாரிக்காகக் குடங்களோடும் டிரம்களோடும் காத்து நின்றார்கள். அவர்களில் நம் பாட்டிமார்களும் இருந்தார்கள். தண்ணீர் என்றால் என்ன என்பதை இந்தப் பகுதித் தமிழர்களுக்கு இனி எவரும் விளக்க வேண்டாம்.

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் இருப்பவர்களுக்கு இன்னும் ஒரு நினைவு உண்டு. 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், கட்டணம் கட்ட முடியாத அடுக்குமாடிக் குடும்பங்களின் தண்ணீர் இணைப்பு துண்டிக்கப்பட்டபோது, மக்கள் தெருவில் நின்று போராடினார்கள். நிறவெறியை எதிர்த்துப் போராடிய பாத்திமா மீர் முதுமையிலும் அவர்களோடு நின்றார். போதுமான தண்ணீர் ஒவ்வொருவரின் உரிமை என்று நாட்டின் அரசியலமைப்பின் 27ஆம் பிரிவு சொல்கிறது. அந்த உரிமைக்காகக் குரல் கொடுத்த ஊரில், கோயில் வாசலில் குடிநீர் ஓடி வீணாவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். பல கூட்டங்களில் அதைக் கேட்டிருக்கிறேன். டர்பனை நிர்வகிக்கும் எத்தெக்வினி மாநகராட்சி வழங்கும் தண்ணீரில் பாதிக்கும் மேல் உடைந்த குழாய்களாலும் கள்ள இணைப்புகளாலும் கணக்கில் வராமலே போகிறதே, அதைச் சரிசெய்யாமல் நம் வாளியை எண்ணுவது எதற்கு என்பார்கள். அவர்கள் சொல்லும் விவரம் உண்மை. நகரம் தன் பங்குக்கு மேல் எடுக்கிறது என்பதற்காக, மொத்தமாக நீர் வழங்கும் உம்ங்கேனி–உதுகேலா வாரியம் 2024 அக்டோபரிலிருந்து டர்பனுக்குத் தரும் அளவைக் குறைத்ததும் உண்மை. ஆனால் குறைந்த தண்ணீர் எல்லோருக்கும் ஒரே மாதிரி குறைவதில்லை. மேட்டில் இருக்கும் தொட்டிகள் நிரம்பாதபோது முதலில் வறண்டு போவது மேட்டுத் தெருவின் வீடுகள். பள்ளத்தில் இருக்கும் கோயில் குழாயைத் திறந்துவிட்டால், அந்த நேரத்தில் மேட்டில் இருக்கும் தாய் சமையலுக்குத் தண்ணீர் இல்லாமல் நிற்கிறாள். மாநகராட்சியின் கசிவு அவளுக்கு நாம் சொல்லும் பதிலாக முடியாது. கசிவைச் சரிசெய்யச் சொல்லி நாம் எழுதுவோம், கையெழுத்துத் திரட்டுவோம், வார்டு உறுப்பினரை நிற்க வைத்துக் கேட்போம். அதற்கும் இதற்கும் முரண் எதுவும் இல்லை.

இனி இயந்திரத்தைப் பற்றி. அதை எதிரியாகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, மணலைப் படிய வைத்து, எண்ணெயைப் பிரித்து, வடிகட்டித் திரும்பப் பயன்படுத்தும் நல்ல நிலையம், வீட்டு வாசலில் ரப்பர் குழாயால் கழுவுவதைவிட எவ்வளவோ மேல். அதன் அழுக்கு நீர் கழிவுநீர்க் குழாய்க்குப் போகிறது, ஆற்றுக்குப் போவதில்லை. வீட்டில் வாளி தூக்க முடியாத முதியவர் ஒருவர் அங்கே போனால் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாடு இல்லாத இயந்திரம் ஒவ்வொரு வண்டிக்கும் புதிய தண்ணீரை நூற்றுக்கணக்கான லிட்டர் கணக்கில் குடிக்கிறது. ஆகவே உங்களிடம் ஒப்பந்தத்தோடு வருபவரிடம் முதலில் கேளுங்கள்: ஒரு காருக்குப் புதுத் தண்ணீர் எத்தனை லிட்டர், மறுசுழற்சித் தொட்டி எங்கே, கழிவு எந்தக் குழாயில் சேர்கிறது, மின்சாரம் இல்லாதபோது என்ன செய்வீர்கள். 2023இல் ஒரு நாளில் பல மணி நேரம் மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. வாளிக்கு மின்சாரம் வேண்டாம்.

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த மூலையை வாடகைக்கு விட்ட பிறகு நம் பிள்ளைகள் எங்கே போவார்கள்?

இந்த நாட்டில் இதற்கு ஒரு பழைய முன்னுதாரணம் உண்டு. 1890களில் ஜோகன்னஸ்பர்க்கின் ஓடைக்கரைகளில் ஜூலு ஆண்கள் துணி வெளுத்தார்கள். அமாவாஷா என்று அவர்களுக்குப் பெயர். டர்பன் இருக்கும் இந்த நேட்டாலில் நம்மவர்களான இந்திய வண்ணார்கள் செய்த தொழிலைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, அவர்களைப் போலவே தலைப்பாகை கட்டிக்கொண்டு, தமக்குள் சங்கம் அமைத்துத் தொழில் செய்தவர்கள் அவர்கள். சுரங்க நகரம் முழுவதும் அவர்கள் வெளுத்த துணியைத்தான் உடுத்தியது. பிறகு நீராவிச் சலவைக்கூடங்கள் வந்தன. ஓடைகள் அசுத்தமாகின்றன என்ற காரணத்தைச் சொல்லி, நகர நிர்வாகம் வெளுப்பவர்களை ஊருக்கு வெளியே வெகுதூரத்துக்கு அனுப்பியது. துணியைச் சுமந்து போய்வரும் செலவே அவர்களுடைய வருமானத்தைத் தின்றது. முதல் உலகப்போர் தொடங்குவதற்குள் அந்தத் தொழில் ஏறத்தாழ முடிந்துவிட்டது. ஓடையில் அசுத்தம் இருந்தது பொய்யில்லை. வெளுக்கும் இடத்துக்கு நல்ல வடிகாலும் தொட்டியும் கட்டிக்கொடுத்து அவர்களை அங்கேயே வைத்திருக்க முடியும் என்று யோசிக்க எவரும் இல்லாமல் போனதுதான் கொடுமை. நாம் யோசிக்கும் இடத்தில் இருக்கிறோம்.

ஆகவே வடிகாலிலிருந்து தொடங்குவோம். டர்பனில் மழைநீர் வடிகாலும் கழிவுநீர்க் குழாயும் வேறு வேறு. வீட்டுக் கழிவறையிலும் சமையலறையிலும் போகும் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. தெருவோரத்தில் இரும்புக் கம்பி போட்ட வாயில் இறங்கும் தண்ணீர் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் நேரே ஆற்றுக்குப் போகிறது. சாட்ஸ்வர்த்தின் வடக்குச் சரிவில் அது உம்லாட்டுசானா ஆறு. அந்த ஆறும் உம்பிலோ ஆறும் டர்பன் துறைமுகக் குடாவில் கலக்கின்றன. அங்கே மிச்சமிருக்கும் அலையாத்திக் காடு மீன் குஞ்சுகளுக்குத் தொட்டில். காரிலிருந்து வரும் சோப்பு, எண்ணெய், பிரேக் தூள், டயர்த் துகள் எல்லாம் அங்கே போய்ச் சேர்கின்றன. சோப்பு மீனின் செவுளைக் கெடுக்கிறது. பாஸ்பேட் சேர்ந்த சோப்பாக இருந்தால் பாசியும் ஆகாயத்தாமரையும் பெருகுகின்றன. உம்பிலோ ஆற்றங்கரையில் இருந்த நம் பழைய கோயிலை 1905 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அதன் பிறகும் நம் முன்னோர்கள் ஆற்றைக் கோபிக்கவில்லை. இன்றும் திருவிழா முடிவில் நாம் கரகத்தை ஆற்றுக்கு எடுத்துச் செல்கிறோம். அதே ஆற்றுக்குக் கோயில் முற்றத்திலிருந்து சோப்பு நீரை அனுப்பலாமா?

இதற்குச் செலவில்லாத வழி இருக்கிறது. சிமென்ட் தரையிலோ தாரிலோ கழுவாமல், வடிகாலுக்குத் தள்ளி, புல்தரையில் கழுவ வேண்டும். 40 லிட்டர் தண்ணீரைப் புல்லும் மண்ணும் உறிஞ்சிக்கொள்ளும். சோப்பை மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் சிதைத்துவிடும். 450 லிட்டரைப் புல் தாங்காது, வழிந்து தெருவுக்கு ஓடிவிடும். குறைந்த தண்ணீரில் கழுவினால்தான் புல்தரையில் கழுவ முடியும். ஒரே இடத்தைச் சேறாக்காமல் வாரந்தோறும் இடத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். எளிதில் மக்கும், பாஸ்பேட் இல்லாத ஷாம்புவைக் கோயில் செலவில் மொத்தமாக வாங்கிக் கொடுங்கள். பிள்ளைகள் கையில் கிடைத்த துணிசோப்பைக் கொண்டு வர வேண்டாம். என்ஜினில் எண்ணெய் கழுவும் வேலையைக் கோயிலில் அனுமதிக்கவே கூடாது. அது தொட்டி வசதி உள்ள பணிமனையில் செய்ய வேண்டியது.

அடுத்தது தண்ணீர். கார் கழுவக் குடிநீர் எதற்கு? நம் கோயில்களில் பெரும்பாலானவற்றில் கல்யாண மண்டபம் இருக்கிறது. மண்டபக் கூரை என்பது நாம் இதுவரை கணக்கில் எடுக்காத சொத்து. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது ஒரு லிட்டர். 300 சதுர மீட்டர் கூரையுள்ள மண்டபத்தில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 7,500 லிட்டர். சிதறலும் கசிவும் போக ஆறாயிரம் கிடைத்தாலும், 5,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று ஒரே மழையில் நிரம்பிவிடும். அந்த ஒரு தொட்டியில் 125 கார்களைக் கழுவலாம். டர்பனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தென்னாப்பிரிக்காவின் சராசரி அதில் பாதிக்கும் குறைவு. மழை பெய்யும் ஊரில் இருந்துகொண்டு, கூரையில் விழுவதைத் தெருவுக்கு விட்டுவிட்டு, குழாய் நீருக்குக் காத்துக்கிடக்கிறோம்.

சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். நம் மழை பெரும்பாலும் அக்டோபரிலிருந்து மார்ச் வரை பெய்கிறது. கரும்புச் சாம்பல் மிகுதியாக விழும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் உலர்ந்தவை. தண்ணீர் மிகவும் தேவைப்படும் காலத்தில் மழை இருக்காது. ஆகவே ஒரு தொட்டி போதாது. கோடை மழையில் நிரப்பிக் குளிர்காலம் வரை வைத்திருக்க 10,000 லிட்டர் தொட்டிகள் குறைந்தது இரண்டு வேண்டும். இன்னொன்று, சாம்பல் கூரையிலும் விழுகிறது. உலர்ந்த காலத்துக்குப் பின் பெய்யும் முதல் மழையில் கூரையின் சாம்பலும் பறவை எச்சமும் கரைந்து வரும். அந்த முதல் நீரைத் தொட்டிக்குள் விடாமல் வெளியே திருப்பிவிடும் சிறு குழாயமைப்பு கட்டாயம். அதைப் பொருத்தாமல் விட்டால், சாம்பலைத் தொட்டியில் சேர்த்து வைத்துக் காரின் மேல் திரும்ப ஊற்றுகிறோம் என்று ஆகிவிடும். கொசு நுழையாதபடி மூடியும் வலையும் வேண்டும். தொட்டியை ஒரு மேடையின் மேல் வைத்தால் பம்பு இல்லாமலே வாளி நிரம்பும்.

மழைநீருக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. பெயின்ட்காரன் என்ற முறையில் இதைச் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சி. அதில் சுண்ணாம்பு போன்ற உப்புகள் மிகக் குறைவு. காயும்போது வெள்ளைப் புள்ளிகள் விழுவதில்லை. ஷாம்புவும் குறைவாகவே வேண்டியிருக்கும். காரின் மேல்தோலுக்கு மழைநீர்தான் நல்லது. புதுக் கார் வாங்கியதும் நம்மவர்கள் கோயிலுக்குக் கொண்டுவந்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, சூடம் காட்டுகிறார்கள். அந்தக் காரை அடுத்த சனிக்கிழமை அதே முற்றத்தில் மழைநீரால் கழுவித் தருகிறோம் என்று சொன்னால் எத்தனை பேர் மகிழ்ச்சியோடு வருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. இந்த நாட்டில் வேலை தேடுபவர்களில் நூற்றுக்கு முப்பதுக்கும் மேற்பட்டோருக்கு வேலை இல்லை. இளைஞர்களிடையே நிலைமை இன்னும் மோசம். பள்ளி முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பையனும் பெண்ணும் சனிக்கிழமை காலையில் கோயிலுக்கு வருவதற்கு இந்த வேலை ஒரு காரணமாக இருக்கிறது. வாளியைத் தூக்கிக்கொண்டே பெரியவர்களோடு பேசுகிறார்கள். கார்க்காரத் தாத்தா தமிழில் கேட்பார், பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்வான், அப்படியே நாலு தமிழ்ச் சொல் அவனுக்கு வந்துவிடும். மொழி வகுப்புக்கு வராத பிள்ளைகள்கூட இங்கே வருகிறார்கள். தேவாரம் பாட அழைத்தால் கூச்சப்படும் பையன் ஒரு காரைப் பளபளவென்று ஆக்கிவிட்டு நெஞ்சு நிமிர்த்தி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். வாடகைப் பணத்தால் இதை வாங்க முடியாது.

அதே காரணத்தால் அவர்கள் உழைப்பை முழுவதும் இலவசமாக எடுத்துக்கொள்வதும் சரியில்லை என்று பணிவோடு சொல்கிறேன். வசூலில் ஒரு பங்கு கோயிலுக்கு, ஒரு பங்கு கழுவும் பிள்ளைகளுக்கு என்று எழுதிவையுங்கள். பள்ளி மாணவர்கள் சேவையாகச் செய்யட்டும். வேலையில்லாத இளைஞர்களுக்குக் கூலி கொடுங்கள். கடைவளாகங்களின் வாகன நிறுத்தத்தில் நாள் முழுவதும் வெயிலில் நின்று கார் கழுவும் ஜூலு இளைஞர்களில் சிலர் நம் கோயில்களுக்குப் பக்கத்திலேயே வசிக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்குத் தொழில் தெரிந்தவர்கள் அவர்கள். அவர்களையும் அழையுங்கள், அதே கூலியைக் கொடுங்கள். அன்னதானத்தில் பக்கத்துத் தெருவுக்கும் இலை போடும் நாம் இதைச் செய்யத் தயங்க வேண்டியதில்லை.

எல்லாக் கோயில்களும் ஒரே நாளில் தொட்டி வாங்க முடியாது என்பதை அறிவேன். தொட்டி வரும் வரை காத்திருக்க வேண்டாம். வரும் சனிக்கிழமையே ரப்பர் குழாயைச் சுருட்டி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, வாளியும் பூவாளியும் வாங்கிக் கொடுங்கள். குழாய் நீரையே பயன்படுத்தினாலும் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் செலவாகும். புல்தரை இல்லாத கோயில்கள் பக்கத்தில் இருக்கும் பள்ளி மைதானத்தைக் கேட்டுப் பாருங்கள். தண்ணீர் லாரி வரும் அளவுக்குத் தட்டுப்பாடு ஏற்படும் வாரங்களில் கார் கழுவும் நாளைத் தள்ளிவையுங்கள். அதில் விவாதத்துக்கே இடமில்லை. இயந்திர நிலையத்துக்கு இடம் கொடுக்கும் ஒப்பந்தம் ஏதேனும் மேசையில் இருந்தால், நான் மேலே எழுதிய கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கி உறுப்பினர்கள் முன் வைக்காமல் கையெழுத்திடாதீர்கள்.

கரும்பு எரிப்பு தொடங்குவதற்கு முன்பே தொட்டிகள் நிரம்பியிருக்க வேண்டுமென்றால் கோடை மழைக்குள் கூரை ஓரத்துப் பீலிகளையும் குழாய்களையும் பொருத்தியாக வேண்டும். ஆகவே உங்கள் அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்குமாறு வேண்டுகிறேன். கூரையை அளந்து கணக்குப் போட்டுத் தரவும், பிள்ளைகளுக்கு இரண்டு வாளி முறையை நேரில் கற்றுத் தரவும் எந்தக் கோயிலுக்கும் வரத் தயாராக இருக்கிறேன். கூலி எதுவும் வேண்டாம். மதியச் சாப்பாடு உங்களோடு சேர்ந்து சாப்பிடுகிறேன்.

இப்படிக்கு,
சாட்ஸ்வர்த்தில் வாழும்
ஓய்வுபெற்ற கார் பெயின்டர் ஒருவன்